பெண்கள் சங்கத்து நாவல்பழ வண்டி

எனக்கு வாய் நீளம். கூட்டத்தில் யாராவது "இதை யார் செய்யறீங்க?" என்று கேட்டால், மற்றவர்கள் எல்லாம் கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருப்பார்கள், நான் "சரி, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிடுவேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் என்ன ஒப்புக்கொண்டோம் என்று யோசிப்பேன். ஆனால் போன வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு முன்னால் நடந்த பெண்கள் சங்கக் கூட்டத்தில் நான் வாயைத் திறந்தது நன்றாக யோசித்துத்தான். அதில் எனக்கு ஒரு உள்நோக்கம் இருந்தது.

எங்கள் சர்ச் பெங்களூர் கண்டோன்மென்ட் பக்கம் இருக்கிறது. அறுப்பின் பண்டிகை அன்று ஆராதனை முடிந்ததும் காம்பவுண்டில் பந்தல் போட்டு, பூசணிக்காய், வாழைத்தார், கேக், உயிர்க்கோழி எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். அதற்குப் பிறகு பிரியாணி. ஏலத்துக்கும் பிரியாணிக்கும் நடுவில் ஜனங்கள் பசியில் முணுமுணுக்காமல் இருக்க ஒரு பந்தயம் உண்டு. மரத்தில் செய்த சின்ன ரேஸ் கார்களைச் சாய்வான நீளப் பலகையில் உருட்டி விடுவது. ஆண்கள் சங்கத்துக்கு ஒரு கார், பெண்கள் சங்கத்துக்கு ஒன்று, வாலிபர் சங்கத்துக்கு ஒன்று, பாடகர் குழுவுக்கு ஒன்று. எல்லாருக்கும் ஒரே அளவில் பைன் மரத்துண்டு, ஒரே மாதிரி நாலு சக்கரம் கொடுத்துவிடுவார்கள்.

பரிசு இரண்டு. முதலில் போய்ச் சேரும் காருக்கு ஒன்று, வழவழப்பான காருக்கு இன்னொன்று. இந்த இரண்டாவது பரிசுக்குத்தான் அடிதடி. பாஸ்டரம்மா ஒரு பஞ்சு உருண்டையை எடுத்து ஒவ்வொரு கார் மேலும் மூக்கிலிருந்து வால்வரை மெதுவாக இழுப்பார். ஒரு இழை ஒட்டினாலும் பரிசு போச்சு. அதற்கு முந்தைய வருஷம் எங்கள் சங்கத்துக் கார் மேல் பாதிப் பஞ்சு தங்கிவிட்டது. வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் அதற்குச் செம்மறியாடு என்று பேர் வைத்தார்கள். பிரியாணி வரிசையில் நிற்கும்போது பின்னால் இருந்து "மே" என்று கத்தினார்கள். எனக்கு அந்த வருஷம் பிரியாணியே இறங்கவில்லை.

இன்னொரு விதியும் உண்டு. காரை யார் செய்தார்களோ அவர்களே வந்து தங்கள் கையால் பலகையில் வைத்து விட வேண்டும். கடையில் கொடுத்துச் செய்து வாங்கி வருவதைத் தடுக்க யாரோ கொண்டுவந்த விதி. என் உள்நோக்கம் முழுக்க அந்த விதியில்தான் இருந்தது.

"எங்க வீட்டுக்காரர் கார் பெயிண்டர்தானே? அவர் செய்வாரு" என்றேன் கூட்டத்தில்.

எங்கள் சங்கச் செயலாளர் ஒரு ஸ்கூல் டீச்சர். மாசத்துக்கு ஒரு தடவை என் பார்லருக்கு வந்து புருவம் திருத்திக்கொள்கிறவர். அவர்தான் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "செய்வாரு, சரி. உள்ள வருவாரா?"

"வருவாரு" என்றேன். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷம். அவர் இந்து, நான் கிறிஸ்தவள். எங்கள் வீட்டில் ஆரம்பத்தில் பெரிய ரகளை. அப்பா இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. அதைச் சரிக்கட்டியது அப்பாவின் பழைய ஸ்கூட்டர். இவர் ஒருநாள் அதை வாங்கிக்கொண்டு போய், ஒரு வாரம் கடையில் வைத்திருந்து, துருவெல்லாம் எடுத்து, பச்சைப் பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அதற்குப் பிறகு வீட்டில் எது என்றாலும் மருமகனைக் கேட்டுத்தான். என்னைக்கூடக் கேட்க மாட்டார். இவரும் ஞாயிற்றுக்கிழமை என்னோடு சர்ச்சுக்கு வந்து கடைசி பெஞ்சில் ஃபேனுக்கு அடியில் உட்காருவார், பிரசங்கம் ஆரம்பித்ததும் தூங்குவார். முருகனை அவர் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அப்பா இறந்துபோனார். சர்ச்சில் ஜெபம் முடிந்து பெட்டியைத் தூக்கும் நேரம். இவர் முன்பக்கம் வந்து கை வைக்கப் போனார். என் அண்ணன், "நீங்க விடுங்க மாப்ள, சர்ச் ஆளுங்க தூக்கட்டும்" என்றான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. இவர் கையை எடுத்துக்கொண்டு நகர்ந்து நின்றார். கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார், மண் போட்டார், வந்தவர்களுக்கு டீ ஏற்பாடு செய்தார். அதோடு சரி. அதற்குப் பிறகு அந்த சர்ச் கேட்டை அவர் தாண்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்னை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எதிரில் இருக்கும் பேக்கரி வாசலில் நிற்பார். ஆராதனை முடிந்து நான் வெளியே வரும்வரை இரண்டு டீ, ஒரு பேப்பர். நான் அண்ணனோடும் சண்டை போட்டுப் பார்த்தேன், இவரோடும் போட்டுப் பார்த்தேன். அண்ணன் "நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே" என்பான். இவர் "எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல. அந்தப் பேக்கரில டீ நல்லா இருக்குது" என்பார். இரண்டு பேரும் கல்யாண வீடுகளில் பார்த்தால் "சாப்டீங்களா?" என்று கேட்டுக்கொள்வார்கள், அதற்கு மேல் இல்லை. பண்டிகை பிரியாணியை டிபன் பாக்ஸில் வாங்கிவந்து பேக்கரி வாசலில் இவரிடம் கொடுப்பேன். எனக்கு வேறு ஆசை இல்லை. அவர் உள்ளே வந்து எல்லாரோடும் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் மரத்துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். விதியைப் பற்றி மூச்சு விடவில்லை.

எங்கள் வீடு தொம்மலூர் பழைய ஊருக்குள், மாரியம்மன் கோயில் சந்தில். முன் அறைதான் என் பியூட்டி பார்லர். இரண்டு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, தலை கழுவ ஒரு பேசின். டீச்சர் தன் வீட்டு ரம்பத்தால் மரத்தை மூக்கு கூராக அறுத்துக் கொடுத்திருந்தார். இவர் அதைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். "இதுவா வண்டி? எங்க கடைல வர்ற காருங்களோட சைடு மிரர் இதவிடப் பெருசு" என்றார். சொல்லிவிட்டு அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அப்போதே தெரிந்துவிட்டது, பிடித்துப்போய்விட்டது என்று.

சிவாஜிநகர் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருபத்தாறு வருஷமாக வேலை செய்கிறவர் அவர். இடித்து நசுங்கி வரும் கதவைத் தட்டி நிமிர்த்தி, பள்ளத்தை அடைக்கப் பட்டி வைத்து, அடிப்பூச்சாகப் பிரைமர் அடித்து, கலர் அடித்துக் கொடுத்தால் எங்கே அடிபட்டது என்று வண்டிக்காரரே தேடுவார். அந்தத் திமிர் அவருக்கு உண்டு. இருக்க வேண்டியதுதான்.

இரண்டே நாளில் கார் சாம்பல் நிற பிரைமரோடு வந்தது. எனக்கே ஆச்சரியம். கடைசியாக ஒரு தேய்ப்பு பாக்கி என்று பேசினில் தண்ணீர் பிடித்து, அதில் கொஞ்சம் சோப்பைக் கரைத்து, வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை நனைத்து நனைத்துத் தேய்த்தார். கார் பெயிண்டர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது, கீறல் விழாது. துடைத்து, என் ஃபேஷியல் கிரீம் டப்பாக்களுக்கு நடுவில் காய வைத்துவிட்டு, "நாளைக்குக் கலர்" என்றார்.

காலையில் பார்த்தால் காருக்கு முடி முளைத்திருந்தது. மேலெல்லாம் கோடு கோடாக எழும்பி, ஓரங்களில் பிசிறு பிசிறாக நின்றது. இவர் "பிரைமர் சரியில்ல" என்றார். மறுபடி பிரைமர், மறுபடி தண்ணீர், இன்னும் அழுத்தித் தேய்ப்பு. மறுநாள் இன்னும் அதிகமாக எழும்பியிருந்தது. மூன்றாவது தடவை மூக்குப் பக்கம் பட்டியே வெடித்துவிட்டது.

வாட்டர் பேப்பரைச் சுருட்டி மூலையில் எறிந்தார். "இருபத்தாறு வருஷத்துல எந்த வண்டியும் எனக்கு இப்படிப் பண்ணல" என்றார். அன்று ராகிக் களியை உருட்டிய முத்தையும் கோழிக் குழம்பும் செய்திருந்தேன். அவருக்கு உயிர். தட்டில் பாதி அப்படியே இருந்தது.

நான் காரைக் கையில் எடுத்துத் தடவினேன். இதைச் சொன்னால் அலட்டலாகத் தெரியும், ஆனால் உண்மை. என் விரல் நுனியில் கண் இருக்கிறது. பதினெட்டு வருஷமாக நூல் வைத்துப் புருவம் எடுக்கிறேன், மேலுதடு எடுக்கிறேன், கண்ணுக்குத் தெரியாத பூனைமுடியை விரலால் கண்டுபிடிக்கிறேன். மூக்கிலிருந்து வால் பக்கம் தடவினால் கார் வழுவழுவென்று இருந்தது. வாலிலிருந்து மூக்குக்குத் தடவினால் குத்தியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏங்க, இது முடிங்க" என்றேன்.

"இன்னா முடி?"

"மரத்துல இருக்கற நார். படுத்துக்கினு இருக்குது. நீங்க தண்ணி காட்டினதும் எழுந்து நிக்குது. இரும்புக்கு ஏது நார்? அதான் உங்களுக்குத் தெரியல."

"அப்போ இன்னா பண்றது? உன் நூலை வெச்சு எடுப்பியா?"

கிண்டல்தான். ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் எனக்கு வழி தெரிந்துவிட்டது. படுத்திருக்கும் முடியை எடுக்க முடியாது. முதலில் எழுப்ப வேண்டும், பிறகு எடுக்க வேண்டும். பெயிண்டுக்கு அடியில் அது எழும்பினால்தான் தொல்லை. முன்னாலேயே, வெறும் மரமாக இருக்கும்போதே, நாமே ஈரத் துணியால் துடைத்து எழுப்பிவிட்டு, காய வைத்து, நின்றதையெல்லாம் காய்ந்த உப்புத்தாளால் மெல்ல எடுத்துவிட்டால்? மறுபடி ஈரம், மறுபடி தேய்ப்பு. எழும்ப ஒன்றும் மிச்சமில்லாத வரைக்கும்.

இவர் போய்ப் படுத்துவிட்டார். மறுநாள் சாயந்தரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். "எங்க கடைக்குப் பின்னால ஒரு ஆசாரி இருக்காரு. கேட்டேன்" என்றார்.

"என்ன சொன்னாரு?"

"நீ சொன்னதையேதான் சொல்றாரு." அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! இந்த மாதிரி சமயத்தில் நான் நல்ல மனுஷி இல்லை.

அன்றிலிருந்து பத்து நாள் வேலை நடந்தது. சாயந்தரம் கடைசி கஸ்டமர் போனதும் இவர் வந்து கஸ்டமர் நாற்காலியில் உட்காருவார். நான் கஸ்டமருக்குப் போர்த்தும் துணியை அவர் கழுத்தில் கட்டிவிடுவேன். பழைய பிரைமரையெல்லாம் சுரண்டி எடுத்து மரத்தை வெறும் உடம்பாக்கினோம். ஈரத் துணியால் ஒரு துடைப்பு, ஹேர் டிரையரில் கொஞ்சம் காற்று, முடி எழும்பியதும் நார் ஓடும் பக்கமாகவே உப்புத்தாள். முதல் தடவை நிறைய எழும்பியது. இரண்டாவது தடவை அங்கங்கே. நாலாவது தடவை எந்தப் பக்கம் தடவினாலும் ஒன்றும் குத்தவில்லை. அதற்குப் பிறகு மரத்தின் துளைகளை அடைக்க சீலரைத் தண்ணீர் மாதிரி கரைத்து அடித்தோம். அறுத்த பக்கங்களான மூக்கும் வாலும் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தன. மூன்று தடவை ஊட்டிய பிறகுதான் போதும் என்றன.

வளைவுகளுக்கு உப்புத்தாள் முரடாக இருந்தது. நகத்துக்குப் பளபளப்பு ஏற்றும் என் பஃபர் கட்டையை எடுத்துக் கொடுத்தேன். இவர் அதை வைத்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "இது எங்கடி கிடைக்குது?" அடுத்த வாரம் என் பெட்டியில் இருந்த மூன்று பஃபர் கட்டைகளும் சிவாஜிநகருக்குக் குடிபோய்விட்டன.

புது பிரைமர் காய்ந்ததும் அவர் பல்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பள்ளம் ஒண்ணும் இல்ல" என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. புருவம் எடுக்கும் முன்னால் பவுடர் போட்டால்தான் பூனைமுடி தெரியும். அதே பழக்கத்தில் பவுடர் டப்பாவை எடுத்து காரின் மேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டேன். "ஐயோ! பெயிண்ட் புடிக்காதுடி! மூளை இருக்குதா உனக்கு?" என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நான் பஞ்சால் மெல்லத் துடைத்தேன். மேல் பக்கத்துப் பவுடர் எல்லாம் போய், பள்ளம் இருந்த இடங்களில் மட்டும் வெள்ளையாகத் தங்கியது. ஏழு இடம். திட்டிக்கொண்டிருந்த வாய் நின்றது. குனிந்து ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு பட்டியை எடுத்தார். காரைத் தின்னரில் துடைத்துக் கொடுக்கச் சொன்னார், துடைத்துக் கொடுத்தேன்.

ஒருநாள் கடைசி கஸ்டமருக்கு முகத்தில் பேக் போட்டிருந்தபோதே இவர் வந்து தேய்க்க ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மா கண்ணை மூடியபடியே, "என்ன மேடம், பார்லரைக் கேரேஜ் ஆக்கிட்டீங்களா? தின்னர் வாசனை வருது?" என்றார். இவர் மூலையில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார். நான் "புது கிரீம்" என்று சமாளித்தேன்.

கலருக்கு ஒரு தனி யுத்தம். சங்கத்தில் எல்லாரும் பிங்க் கேட்டார்கள். இவர் "பிங்க்ல எந்த மட்ட வேலையும் மறைஞ்சிடும். கறுப்புல அடிச்சுக் காட்டினாதான் வேலை" என்றார். கறுப்புக் கார் துக்க வீட்டுக்குத்தான் லாயக்கு என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். கடைசியில் இவரே கலந்து கலந்து பார்த்து ஒரு நாவல்பழ நிறம் கொண்டுவந்தார். இரண்டு பக்கத்தாரும் ஒப்புக்கொண்டார்கள். மொட்டை மாடியில் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, காரைக் கம்பியில் தொங்கவிட்டு, பெங்களூர் தூறல் விட்ட நேரம் பார்த்து அடித்தார். ஒரு தடவைக்குக் கொஞ்சம்தான், பெயிண்ட் பட்டதா இல்லையா என்று சந்தேகமாக இருக்கும். காய்ந்ததும் லேசாக ஒரு தேய்ப்பு. மறுபடி கொஞ்சம். தூறல் வந்தால் பெட்டியோடு கீழே ஓடி வருவோம். ஆறு பூச்சு முடிந்தபோது குழல் விளக்கு காரின் முதுகில் நேர்க்கோடாகத் தெரிந்தது. கோடு எங்கேயும் நெளியவில்லை.

நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். மகள் மைசூரில் படிக்கப் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே வேலையில் கை வைத்தது அப்போதுதான். ஒரு சாணுக்கும் குறைவான மரத்துண்டு, அதன் இரண்டு பக்கமும் நாங்கள். அவர் தேய்ப்பார், நான் தடவிப் பார்த்து "இங்க" என்பேன். "எங்க? ஒண்ணும் இல்ல" என்பார். பிறகு அங்கேயே தேய்ப்பார்.

பண்டிகைக்கு மூன்று நாள் முன்னால் டீச்சர் புருவத்துக்கு வந்தார். காரைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். நான் கண்ணைக் காட்டுவதற்குள் சொல்லியே விட்டார்: "சார், ஞாயித்துக்கிழமை கரெக்டா பன்னெண்டு மணிக்கு வந்துடுங்க. செஞ்சவங்கதான் பலகைல வைக்கணும், அது ரூல்."

இவர் "ஓ" என்றார். டீச்சர் போனதும் என்னைப் பார்த்தார்.

"இதுக்குத்தானா?"

"ஆமா, இதுக்குத்தான்" என்றேன். இனி மறைத்து என்ன? "பதினோரு வருஷமா ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கறீங்க. எனக்கு அவமானமா இருக்குது. உங்களால இல்ல. உங்களை அங்க நிக்க விட்டுட்டு நான் உள்ள பாட்டுப் பாடறேன் பாருங்க, அதால."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். காரை எடுத்து மெல்லத் திருப்பிப் பார்த்தார். "முடி எழுப்பணும்னு சொன்னது யாரு? நீ. பள்ளம் கண்டுபுடிச்சது யாரு? நீ. பாதி வேலை உன்னுது. செஞ்சவங்க வைக்கணும்னா நீயே வைக்கலாமே."

அவரை உள்ளே கொண்டுவர நான் வெட்டிய வழியை நானே என் விரலால் தடவித் தடவி அடைத்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் செம்மறியாடு இரண்டாம் பாகம் வந்திருக்கும், ஆனால் அதை வைக்க அவர்தான் வந்திருக்க வேண்டும். அன்று முழுக்க என் மேலேயே எனக்கு எரிச்சல். சனிக்கிழமை அவர் பாட்டுக்கு உட்கார்ந்து மெழுகு பாலிஷ் போட்டு, அச்சில் பென்சில் தூள் தூவி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு செருப்புப் பெட்டியில் பழைய பட்டுத் துணி சுற்றி காரை மடியில் வைத்துக்கொண்டு போனேன். கேட்டில் இறக்கிவிட்டு, "மேல விரல் படாம எடு" என்றார். ரோட்டைத் தாண்டிப் போனார். நான் உள்ளே போனேன்.

ஏலம் முடிந்தது. நாலு காரையும் மேஜையில் வரிசையாக வைத்தார்கள். பாஸ்டரம்மா பஞ்சு உருண்டையை எடுத்தார். பாடகர் குழுவின் காரில் மூக்கிலேயே ஒட்டியது. வாலிபர் சங்கத்துக் காரில் நடு முதுகில் இரண்டு இழை. எங்கள் பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து "மே" என்றோம், நான்தான் ஆரம்பித்தேன். ஆண்கள் சங்கத்துக் கார் என் அண்ணன் செய்தது. கடைசிவரை வந்து வாலில் ஒரே ஒரு இழை மாட்டியது. எங்கள் காரின் மேல் பஞ்சு வழுக்கிக்கொண்டு போய், போன மாதிரியே திரும்பி வந்தது. பாஸ்டரம்மா நம்பாமல் இன்னொரு தடவை இழுத்தார். ஒன்றும் இல்லை. பெண்கள் பக்கம் ஒரே கூச்சல்.

அண்ணன் மேஜைக்கு வந்தான். எங்கள் காரை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். கட்டை விரலால் ஒரு தடவு தடவினான். "எம்மா, என்ன வேலை இது! யாரு அடிச்சது?" என்றான். தெரியாமல் கேட்டானா, வாயில் வந்ததைக் கேட்டானா, தெரியவில்லை.

என் வாய் சும்மா இருக்குமா? "அன்னைக்கு அப்பா பெட்டியைத் தூக்க வந்தப்ப நீ விலகி நிக்கச் சொன்னியே, அவரு அடிச்சது" என்றேன்.

சுற்றி இருந்தவர்கள் எல்லார் காதிலும் விழுந்தது. பண்டிகையும் அதுவுமாக இப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான். அண்ணன் முகம் சுருங்கிப்போனது. அவனுக்கு அறுபது நெருங்குகிறது, முடியெல்லாம் வெளுத்துவிட்டது, அந்த நிமிஷம்தான் நான் அதைக் கவனித்தேன். காரை அது இருந்த இடத்திலேயே கவனமாக வைத்தான். "எங்க இருக்காரு?" என்றான்.

"எங்க இருப்பாரு? பேக்கரிலதான்."

அண்ணன் கேட்டைத் தாண்டி வெளியே போனான். நான் பின்னாலேயே கேட்வரைக்கும் போய் நின்றேன். ரோட்டில் பஸ்ஸும் ஆட்டோவும் போய்க்கொண்டே இருந்தன. நடுநடுவே இரண்டு பேரும் தெரிந்தார்கள். அண்ணன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பஸ் வந்து மறைத்தது. அது போன பிறகு பார்த்தால் இவர் பேக்கரிக்காரரிடம் இன்னொரு டீ வாங்கி அண்ணன் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் அப்படி என்ன சொன்னான் என்று இன்றுவரை இரண்டு பேரும் என்னிடம் சொல்லவில்லை. கேட்டால் "உனக்கு எதுக்கு?" என்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் மாமன் மச்சான் இரண்டு பேருக்கும் நல்ல ஒற்றுமை.

மைக்கில் பந்தயத்துக்குக் கூப்பிட்டார்கள். நான் இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தேன். அவர்கள் டீ குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். டீச்சர் ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "ரெண்டு தடவை ஓட விடுவாங்க, முதல் ஓட்டத்துக்கு நீங்க வையுங்க, வேற யாரு இருக்காங்க?" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. பலகை சரியாகத் தெரியவில்லை. காரை அதன் தடத்தில் வைத்தேன். விசில் ஊதியதும் விட்டேன். மற்ற மூன்று கார்களும் சர்ரென்று இறங்கிப் போயின. எங்கள் நாவல்பழ வண்டி இரண்டு அடி போய், ஓரக் கட்டையை உரசிக்கொண்டு, யோசித்து யோசித்து இறங்கி, கடைசியாகப் போய்ச் சேர்ந்தது.

"கோணலா வெச்சுட்டியேடி!"

திரும்பினேன். கேட்டுக்கு இந்தப் பக்கம், பந்தல் கால் ஓரமாக, கையில் பேக்கரி டீ கிளாஸோடு நின்றிருந்தார். பக்கத்தில் அண்ணன். "முன் சக்கரம் கட்டையைப் பாத்துக்கினு இருக்குது, கண்ணு எங்க போச்சு உனக்கு? ஆறு பூச்சு அடிச்சு வெச்சிருக்கேன், ஓரமெல்லாம் தேஞ்சிருக்கும்!"

பதினோரு வருஷம் கழித்து அந்தக் காம்பவுண்டுக்குள் அவர் பேசிய முதல் பேச்சு, ஊரே பார்க்க என்னைத் திட்டியது. வேறு நாளாக இருந்தால் ஒன்றுக்கு நாலாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

"கோணல்தாங்க" என்றேன். "இன்னொரு ஓட்டம் இருக்குது. நீங்க வந்து வையுங்க."

டீ கிளாஸை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு அவர் பலகைப் பக்கம் நடந்து வந்தார்.